அப்பா தூங்குகிறார்

போன ஞாயிறு மதியம் லிட்டில் இந்தியாவில், பஃப்ளோ ரோட்டில், கீரைக்கட்டு பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் ஒருவர் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து துவாஸ் பக்கம் ஏதோ தொழிலாளர் விடுதியில் தங்கியிருப்பவர் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் யார் பேச்சு யார் காதில் விழாமல் இருக்கிறது?

"அம்மா எங்க?"

"தூங்குறாங்க" என்றது போன்.

"நேத்தும் தூங்குனாங்கன்னு சொன்ன. முந்தாநாளும் தூங்குனாங்க. இப்ப நம்ம ஊர்ல மணி பதினொண்ணரை. எங்கம்மா என்னைக்குடா பகல்ல படுத்துச்சு?"

சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

அவர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். முன்பின் தெரியாத மனிதர்... ஆனாலும் வாயை மூடிக்கொண்டு வர என்னால் முடியவில்லை.

"தம்பி, திரும்பப் போடுங்க. 'எதுவா இருந்தாலும் தாங்கிக்கிறேன், உண்மையைச் சொல்லு'ன்னு கேளுங்க. விடாதீங்க."

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "சரிக்கா" என்றார். போனை எடுத்துக்கொண்டு கூட்டத்தை விட்டு ஓரமாக நடந்தார். அவருக்கு என்ன பதில் கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. பின்னால் போய்க் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

அடுத்தவர் குடும்பத்தில் ஏன் மூக்கை நுழைத்தாய் என்று கேட்கிறீர்களா? அந்தப் போனில் கேட்ட பொய்யை நான் நன்றாக அறிவேன். அதே வார்த்தைகளில், ஏறக்குறைய ஒரு மாதம், நானே சொல்லியிருக்கிறேன். என் மகனிடம்.

நான் வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கணவர் சாமுவேல் இறந்துபோனது தெரியும். இரண்டு வாரம் பத்தி வராததற்கு 'குடும்பத்தில் துக்கம்' என்று ஒரு வரி போட்டிருந்தேன். மீதியை எழுதவில்லை. எழுத வெட்கமாக இருந்தது.

எங்களுக்கு ஒரே மகன். ஜோயல். இருபத்து நான்கு வயது. பாலிடெக்னிக் முடித்து, கட்டாய தேசிய சேவை முடித்து, துவாஸில் டெக்னிஷியன் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னான் – மிஷன் ஊழியத்துக்குப் போகிறேன், பொலிவியாவுக்கு, இரண்டு வருடம்.

பொலிவியா! உலகப் படத்தில் எங்கே என்று விரல் வைக்க எனக்கு இரண்டு நிமிடம் ஆனது. மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு ஊர். விவசாயிகள். எல்லாரும் ஸ்பானிஷ்தான் பேசுவார்கள். இவனுக்குத் தெரிந்த ஸ்பானிஷ், போனில் ஐந்து மாதம் படித்தது.

நான் கத்தினேன். "ஏன்டா, இங்க ஜனங்க இல்லையா? பூன் லேயில இல்லையா?"

சாமுவேல் கத்தவில்லை. அவர் பஸ் கேப்டன். முப்பத்தொரு வருடம் பூன் லே இண்டர்சேஞ்சிலிருந்து பஸ் ஓட்டியவர். எவ்வளவு பெரிய நெரிசலிலும் ஹாரன் அடிக்கமாட்டார். வீட்டிலும் அப்படித்தான். "அங்க குளிருமா?" என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு போய் நல்ல ஜாக்கெட் ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

அவ்வளவுதான் அவர் கொடுத்த சம்மதம்.

சாங்கி விமான நிலையத்தில் வழியனுப்பும்போது மட்டும் சொன்னார். "புது ரூட்டுல போற டிரைவர் மாதிரி லா. வழி தெரியலன்னா வெக்கப்படாம பாசஞ்சரைக் கேட்டுடு."

ஜோயல் சிரித்துக்கொண்டே போனான். அவன் தன் அப்பாவை நேரில் பார்த்தது அதுதான் கடைசி.

அங்கேயும் இங்கேயும் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் வித்தியாசம். கடிகாரத்தைப் பார்த்தாலே போதும். எங்களுக்கு மாலை ஏழு என்றால் அவனுக்குக் காலை ஏழு. தினமும் அந்த நேரத்தில் கூப்பிடுவான்.

முதல் வாரம் ஒரே சிரிப்பு. கடையில் சோப்பு கேட்டிருக்கிறான். ஒரே ஓர் எழுத்துதான் மாறிப்போனது – கடைக்காரர் பன்றி இறைச்சியை மடித்துக் கொடுத்தாராம். "குளிக்கணும்"னு சைகையில் வேறு காட்டியிருக்கிறான். அந்தக் கடைக்காரர் முகத்தை நினைத்து நினைத்து நாங்கள் சிரித்தோம்.

டோன்யா எலேனா என்ற அம்மாவின் வீட்டில்தான் தங்கியிருந்தான். கணவரை இழந்தவர், என் வயதுதான் இருக்கும். நோயாளிகள், தனியாக இருக்கும் முதியவர்கள் வீடுகளுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போவது அவர் பொறுப்பு.

இரண்டாவது ஞாயிறு சபையில் அவனை அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார்கள். இவன் எழுந்து, "என் அப்பா முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டினார்" என்று ஸ்பானிஷில் சொன்னான். சபையே குலுங்கிச் சிரித்தது. 'பாப்பா' என்ற சொல்லைக் கடைசியில் அழுத்திச் சொன்னால் அப்பா. அழுத்தாமல் சொன்னால் உருளைக்கிழங்கு. "எங்கள் உருளைக்கிழங்கு முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியது" என்று சொல்லி வைத்திருக்கிறான்.

இந்தக் கதையை அவன் சொன்ன அன்று சாமுவேல் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

அவனுக்கு அது தெரியாது.

அவன் கிளம்பும் முன்பே சாமுவேலுக்கு வயிற்று வலி இருந்தது. கேஸ்ட்ரிக் என்று மாத்திரை போட்டுக்கொண்டார். அவன் போன ஒன்பதாவது நாள் கண் மஞ்சளாகிவிட்டது. பாலிகிளினிக்கில் பார்த்துவிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஸ்கேன். கணையத்தில் புற்றுநோய், ஈரல் வரை பரவியிருந்தது. டாக்டர் சின்ன வயதுப் பெண். எங்கள் கண்ணைப் பார்த்து, மெதுவாக, நேராகச் சொன்னார். சில மாதங்கள் என்றார்.

வெளியே வந்து காப்பிக்கடையில் உட்கார்ந்தோம். அவர் பாலில்லாத கோப்பி ஓ வாங்கினார். குடிக்கவில்லை.

"ஜோயல்கிட்ட சொல்லாத, எஸ்தர்."

"என்னங்க சொல்றீங்க?"

"இப்பதான் போயிருக்கான். பேச்சே வரல. சொன்னா அடுத்த பிளைட்ல வந்து நிப்பான். அப்புறம் திரும்பிப் போகவே மாட்டான். கொஞ்சம் கால் ஊனட்டும். நானே சொல்றேன்."

சரி என்றேன். அந்த ஒரு 'சரி'யைத்தான் இன்றுவரை மென்றுகொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு என் பொய்கள் ஆரம்பித்தன. முதலில் சின்னச் சின்னதாக. அப்பா மார்க்கெட் போயிருக்கார். அப்பா வாக்கிங் போயிருக்கார். தெம்பு இருக்கும் நாட்களில் அவரே பேசுவார், கேமரா இல்லாமல். "உன் அப்பா மூஞ்சிய பார்த்து என்ன செய்யப்போற, குரலைக் கேளு போதும்" என்பார். உருளைக்கிழங்குக் கதையைக் கேட்டு, கையில் ஊசிக்குழாயோடு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "இன்னொரு தரம் சொல்லச் சொல்லு" என்றார். அவன் இன்னொரு தரம் சொன்னான்.

மூன்றாவது வாரம் ஜோயல் உடைந்துபோனான்.

"நான் இங்க எதுக்கும்மா வந்தேன்? ரெண்டு வயசுப் பிள்ளை என்னைவிட நல்லா பேசுது. வீடு வீடா போறோம். டோன்யா எலேனா பேசுறாங்க, ஜெபம் பண்றாங்க. நான் பொம்மை மாதிரி பக்கத்துல உக்காந்திருக்கேன். உருளைக்கிழங்கு உரிச்சுக் குடுக்குறேன். ஐ ஃபீல் சோ யூஸ்லெஸ்."

'வந்துடுடா' என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். அவனாகவே வர நினைத்த நேரம். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து எதிர்க் கட்டிலில் படுத்திருந்த சாமுவேல் தலையை ஆட்டினார் – வேண்டாம்.

"பழகிடும் ஐயா" என்றேன்.

பழகிவிட்டது. நான்காவது வாரம் அவன் குரலே மாறியிருந்தது. ஊரில் ஒரு பெரியவர் சாகக் கிடந்தார். சொந்தபந்தம் யாரும் இல்லை. டோன்யா எலேனாவும் இவனும் மாற்றி மாற்றி அவர் பக்கத்தில் இருந்தார்கள். பேச மொழி இல்லாததால் இவன் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டே இருந்திருக்கிறான்.

"நான் ஒண்ணுமே சொல்லலம்மா. சும்மா உக்காந்திருந்தேன். சாகுறதுக்கு முன்னால அந்தத் தாத்தா என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. அம்மா... இதுக்குத்தான் நான் வந்தேன்னு தோணுது. அப்பாகிட்ட சொல்லணும். அப்பா எங்க?"

என் கையிலும் ஒரு கிண்ணமும் பஞ்சும் இருந்தன. அப்போதுதான் சாமுவேலின் உதட்டை நனைத்துவிட்டு வந்திருந்தேன்.

"அப்பா தூங்குறாருடா" என்றேன்.

அதற்கப்புறம் அப்பா தினமும் தூங்கினார்.

ஐந்தாவது வாரம் ஒரு நாள், "அம்மா, டோன்யா எலேனா உங்களைப் பாக்கணுமாம்" என்று போனை அவர் பக்கம் திருப்பினான். வட்ட முகம், இரட்டைப் பின்னல். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார். ஜோயலிடம் ஏதோ கேட்டார்.

"அம்மா, உங்களுக்கு என்ன துக்கம்னு கேக்குறாங்க."

"துக்கமா? ஒண்ணுமில்லையே. வெயில்ல அலைஞ்சுட்டு வந்தேன், டயர்டா இருக்குன்னு சொல்லு."

அவன் மொழிபெயர்த்தான். என் பொய்யை அவன் வாயாலேயே, அவன் கஷ்டப்பட்டுப் படித்த மொழியிலேயே சொல்லவைத்தேன். டோன்யா எலேனா தலையாட்டினார். நம்பவில்லை. ஒரு வார்த்தை தமிழ் தெரியாத பெண்ணுக்கு, உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து, ஒரு சின்னத் திரையில் தெரிந்தது. என் பிள்ளைக்குத் தெரியவில்லை. ஏன் என்றால் அவன் என்னை நம்பினான்.

அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நாங்கள் பேசிவைத்திருந்தோம். சாமுவேலே சொல்வதாக இருந்தார். டாக்டர் சொன்ன 'சில மாதங்க'ளை நாங்கள் கணக்கில் வைத்திருந்தோம். ஆனால் செவ்வாய்க்கிழமை காய்ச்சல் வந்தது. நுரையீரலில் தொற்று. வியாழன் மாலை ஆறு மணிக்குப் போய்விட்டார்.

ஆறரைக்கு நான் கூப்பிட்டேன். அங்கே காலை ஆறரை. எப்போதும் அவன்தான் கூப்பிடுவான். சந்தோஷமாக எடுத்தான்.

"அம்மா! நீங்களே கூப்பிட்டுட்டீங்க! இன்னைக்கு ஒரு வீட்டுல நான் தனியா ஜெபம் பண்ணப்போறேன். ஃபுல்லா ஸ்பானிஷ்ல. அப்பா முழிச்சிருக்காரா? போனை ஸ்பீக்கர்ல போடுங்க, சொல்லிக் காட்டுறேன்."

எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. சொன்னேன்.

அவனுக்குப் பின்னால் எங்கோ ஒரு சேவல் கூவிக்கொண்டிருந்தது.

"எப்பத்திலேருந்து உடம்பு சரியில்ல?"

"நீ போன ஒன்பதாவது நாள் தெரிஞ்சது."

"மார்க்கெட் போயிருக்காருன்னு சொன்னீங்க."

"ஆமா."

"தூங்குறாருன்னு சொன்னீங்க."

"ஆமாய்யா."

போனை வைத்துவிட்டான்.

புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்தல் போட்டு, நாற்காலிகள் போட்டு, சாமுவேலை வைத்தோம். வெள்ளிக்கிழமை விமானத்தைப் பிடித்தால் ஜோயல் ஞாயிறு வந்துவிடலாம். அதுவரை காத்திருப்பது என்று முடிவு செய்தோம். டோன்யா எலேனா அவனைத் தனியாக அனுப்பவில்லை. விமான நிலையம் இருக்கும் நகரத்துக்கு எட்டு மணி நேர பஸ். அவரும் கூடவே ஏறிக்கொண்டார்.

பாதி வழியில் மலைச்சரிவு. மழையில் மண் சரிந்து சாலை மூடிவிட்டது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. வெள்ளிக்கிழமை விமானம் போய்விட்டது. அடுத்தது மூன்று நாள் கழித்து.

மேட்டில் ஏறினால்தான் சிக்னல். ஏறிப்போய்க் கூப்பிட்டான்.

"எனக்காக வெயிட் பண்ண வேண்டாம்மா. அப்பாவை அனுப்பிடுங்க."

கோபம் இல்லை அந்தக் குரலில். இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணி, மண்டாய் தகனச்சாலை. அங்கே விடியற்காலை ஐந்து. நான் போனைப் பெட்டிக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். திரையில் ஜோயல், சாமுவேல் வாங்கிக் கொடுத்த ஜாக்கெட்டோடு சேறு படிந்த மேட்டில், கீழே நின்ற பஸ்ஸின் விளக்கு வெளிச்சத்தில் நின்றான். டோன்யா எலேனா அவன் தோளில் கை போட்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவன் பின்னால் ஆட்கள் வந்து நின்றார்கள். பஸ்ஸில் இரண்டு இரவாக மாட்டிக்கிடந்த பயணிகள். என்ன என்று கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

பஸ் டிரைவரும் வந்தார். பருத்த மனிதர். ஜோயலிடம் ஏதோ கேட்டார். ஜோயல் போன் திரையில் தெரிந்த பெட்டியைக் காட்டிப் பதில் சொன்னான். இறந்தவர் என் அப்பா, அவரும் பஸ் டிரைவர் என்று சொன்னதாகப் பிறகு தெரிந்தது. அந்த மனிதர் சட்டென்று திரும்பி நடந்தார். வேறு சபைக்காரர், எங்கள் ஜெபத்தில் நிற்க விருப்பமில்லையோ என்று நினைத்தேன்... அதற்குள் ஹாரன் சத்தம் கேட்டது.

ஒரே ஒரு ஹாரன். நீளமாக. மலைகளில் மோதித் திரும்பி வந்தது.

சாமுவேலோடு வேலை பார்த்த டிரைவர்கள் ஏழெட்டுப் பேர், சீனர், மலாய்க்காரர், தமிழர், சிலர் யூனிபார்மோடு, எனக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். யாருக்கும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பஸ் ஹாரன் அவர்களுக்குத் தெரியாதா? ஒருவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பெட்டி உள்ளே போனது.

ஜோயல் புதன்கிழமை வந்து சேர்ந்தான். பன்னிரண்டு நாள் இருந்தான். எனக்கு எல்லா உதவியும் செய்தான். பத்திரங்கள், வங்கி, நன்றி அட்டைகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டான். என்னோடு மரியாதையாகப் பேசினான். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை.

பத்தாவது நாள், சாமுவேலின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தோம். நானே ஆரம்பித்தேன்.

"அப்பாதான்யா சொல்லக்கூடாதுன்னாரு."

அவன் சட்டையைக் கீழே வைத்தான்.

"அங்க ஒரு தாத்தா பக்கத்துல உக்காந்திருந்தேன்னு சொன்னேன்ல? யாரோ ஒருத்தர். பேர்கூட சரியாத் தெரியாது. அவர் உதட்டை நனைச்சேன். கையைப் பிடிச்சுக்கிட்டேன். அதே நாள்ல எங்கப்பா இங்க..." கீழே வைத்த சட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டான். "நான் வந்திருப்பேன்மா. வந்துட்டுத் திரும்பிப் போயிருப்பேன். இல்ல, போகாமயே இருந்திருப்பேன். அதை நான்தானே முடிவு பண்ணணும்?"

அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். சாமுவேல் சொன்னார் என்பது உண்மைதான். அவனுடைய ஊழியம் கெடக்கூடாது என்பதும் உண்மைதான். ஆனால் இன்னொன்றும் இருந்தது. ஜோயல் வந்து வாசலில் நின்றுவிட்டால், சாமுவேல் சாகப்போகிறார் என்பது உறுதியாகிவிடும். அவன் அங்கே உருளைக்கிழங்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கும்வரை, எங்கள் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. அவனுக்காக மறைத்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்காக மறைத்திருக்கிறேன்.

காலையில் இதை அவனிடம் அப்படியே சொன்னேன். அவன் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் அழுதோம். சாமுவேல் போன பிறகு நாங்கள் சேர்ந்து அழுதது அன்றுதான். மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

திரும்பிப் போனான். போகத்தான் வேண்டும் என்று நானும் சொன்னேன். இப்போது எட்டு மாதம் ஆகிறது. ஸ்பானிஷ் சரளமாக வருகிறதாம். சாவு வீடுகளுக்கு அவனைத்தான் முதலில் அனுப்புகிறார்களாம்.

வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள், ஊரில் பெற்றோரை விட்டுவிட்டு இங்கே உழைப்பவர்களின் வீட்டார் – எத்தனை பேர் இதைப் படிப்பீர்களோ தெரியாது. தொலைவில் இருப்பவர் தாங்கமாட்டார் என்று நினைத்துத்தான் எல்லாரும் மறைக்கிறோம். தாங்குவார்கள். அவர்களும் பயப்படட்டும், டிக்கெட் தேடட்டும், போனிலாவது ஒரு வார்த்தை சொல்லி அழட்டும். அந்த நாட்கள் அவர்களுடையவை. எடுத்து வைத்துக்கொள்ள நமக்கு உரிமை கிடையாது.

ஜோயல் இன்றும் தினமும் ஏழு மணிக்குக் கூப்பிடுகிறான். "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்கிறான். "நல்லா இருக்கேன்யா" என்கிறேன். ஒரு சின்ன இடைவெளி விட்டு, "உண்மையாவா?" என்கிறான்.

முன்பெல்லாம் அவனுக்கு அந்த இரண்டாவது கேள்வி கேட்கத் தெரியாது. கற்றுக்கொடுத்தது நான்தான்.